ஃபிட்ஸ் மருந்தால தான் பிள்ள மந்தமாகுறானா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்

நிலா_திருச்சி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும் தான் செய்வேன், இப்ப கேக்காம முடியல. பையனுக்கு 4 வயசு. பொறந்தவுடனே அழல, இன்குபேட்டர்ல வெச்சிருந்தாங்க, மறுநாளே ஃபிட்ஸ் வந்துச்சு, அப்ப ஆரம்பிச்ச கார்டினால் சிரப் இன்னும் போயிட்டு இருக்கு. ஒன்றரை வயசுல சிபி, அதாவது மூளை பாதிப்பால கை கால் இயக்கம் சரியா வராத பிரச்சினைன்னு சொன்னாங்க, கூடவே வளர்ச்சி தாமதம்னும் எழுதிக்குடுத்தாங்க. அப்புறம் பெரிய ஃபிட்ஸ் ஒண்ணு வந்து அட்மிட் பண்ணப்ப வேல்பரின் சிரப்பும் சேத்தாங்க. அதுக்கப்புறம் ஃபிட்ஸ் இல்ல, அது வரைக்கும் நிம்மதி. ஆனா பிள்ள பகல்ல சொக்கிக்கிட்டே இருக்கான், தெரபில உக்கார வெச்சா தலை தொங்கிடுது, ராத்திரி ஆனா தூங்காம கையில கெடச்சத எல்லாம் தூக்கி எறியுறான். அம்மா, தா, வான்னு சொல்லிட்டு இருந்தவன் இப்ப அதையும் சொல்றதில்ல.

வீட்ல மாமியார் "அந்த மருந்து தான் புள்ள மூளைய மழுக்குது, நிறுத்திப் பாரு" ன்னு தினம் சொல்றாங்க. வீட்டுக்காரர் பக்கத்துல ஒரு வைத்தியர சொல்றாங்க, அவரு எல்லா இங்கிலீஷ் மருந்தையும் நிறுத்திட்டு தான் வரணும்னு சொல்லிட்டாராம். டாக்டர்கிட்ட கேட்டா "சிபி குழந்தை அப்படித்தாம்மா இருக்கும்" னு ஒரே வரில முடிச்சிட்டாரு. பையன் இப்படி இருக்கிறது நோயாலயா மருந்தாலயா, இத எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சேலம்_தாரணி:
நிலா, மத்தவங்க விவரமா சொல்லுவாங்க, நான் ஒண்ணு மட்டும் முதல்ல சொல்லிடுறேன், நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க. அதுலயும் கார்டினால் வருஷக்கணக்கா குடிச்ச பிள்ளைக்கு சட்டுன்னு நிறுத்தினா முன்னாடி வந்தத விட பெருசா, அடுத்தடுத்து நிக்காம ஃபிட்ஸ் வரும். எங்க நாத்தனார் பையனுக்கு ஊர் திருவிழாவுக்கு போன எடத்துல மருந்து தீந்து போச்சு, சரி ஊருக்கு போய் வாங்கிக்கலாம்னு விட்டுட்டாங்க, அப்புறம் ஐசியூல தான் இருந்தான். வைத்தியர் சொன்னாருன்னு தயவு செஞ்சு கேக்காதீங்க.

கோவை_பாப்பா_அப்பா:
வணக்கமுங்க. எங்க பாப்பாவுக்கும் சிபி தானுங்க, இப்ப 9 வயசு. சிபி இருக்கிற குழந்தைகள்ல மூணுல ஒருத்தருக்கு மேல ஃபிட்ஸும் இருக்குமுங்க, அதனால நீங்க கேக்குறது இங்க இருக்கிற பாதிப் பேரோட கேள்வி.

நான் புரிஞ்சிக்கிட்டத சொல்றனுங்க. இதுல மூணு விஷயம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கிக் கெடக்குது. பொறந்தப்ப மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு ஒண்ணு, ஃபிட்ஸ் ஒண்ணு, மருந்து ஒண்ணு. மூணுமே புள்ளைய மந்தமாக்கும், ஆனா மூணும் ஒரே மாதிரி ஆக்காது. மூளை பாதிப்பால வர்ற தாமதம் ஆரம்பத்துல இருந்தே இருக்கும், திடீர்னு ஒரு மாசத்துல மோசமாகாது, மெதுவா தான் ஏறும் ஆனா கீழ எறங்காது. ஃபிட்ஸால வர்றது நல்ல நாள் கெட்ட நாள்னு மாறி மாறி வரும், வந்த அன்னிக்கு அசந்து போய் கெடக்கும். மருந்தால வர்றதுக்கு ஒரு தேதி இருக்குமுங்க, ஆரம்பிச்ச தேதி இல்லன்னா டோஸ் ஏத்துன தேதி. அதுக்கு முன்ன எப்படி இருந்தான் அதுக்கப்புறம் எப்படி இருக்கான்னு பாத்தா பெரும்பாலும் பிடிபடும்.

அதனால ஒரு நோட்டு போடுங்க. என்ன மருந்து, எந்த தேதில ஆரம்பிச்சது, எத்தன எம்எல், எப்ப ஏத்துனாங்க, காலைல குடுத்து எவ்ளோ நேரம் கழிச்சு சொக்குறான், எப்ப வார்த்தை நின்னுச்சு, எல்லாம். டாக்டர் கிட்ட "மந்தமா இருக்கான் சார்" னா அந்த ஒரு வரி பதில் தான் வரும், "இந்த தேதில இத சேத்தீங்க, அடுத்த மாசத்துல இருந்து இப்படி" ன்னு சொன்னா நிமிந்து உக்காந்து கேப்பாங்க.

இன்னொன்னு, இருந்த வார்த்தை போயிடுச்சுன்னு சொல்றீங்களே, அத மட்டும் லேசா விடாதீங்க. வெளிய ஃபிட்ஸ் தெரியாமலே தூக்கத்துல மூளைக்குள்ள கரண்ட் ஓடிட்டே இருந்து பேச்ச பறிக்கிற வகையும் இருக்குங்க. தூங்குறப்ப எடுக்கிற இஇஜி, அதாவது மூளையோட கரண்ட பதிவு பண்ற டெஸ்ட், வேணும்னு கேளுங்க. முழிச்சிருக்கிறப்ப 20 நிமிஷம் எடுத்துட்டு நார்மல்னு குடுத்தா அதுல இது தெரியாம போகலாம்.

ராஜபாளையம்_குமார்:
எல்லாரும் நிறுத்தாத நிறுத்தாதன்னு பயமுறுத்துறீங்க. என் பையனுக்கு ஒன்றரை வயசுல காய்ச்சலோட ஜன்னி கண்டுச்சு. உடனே தினமும் கார்டினால் குடுன்னு எழுதிட்டாங்க. பையன் ஒரு எடத்துல நிக்க மாட்டான், கடிப்பான், சுவத்துல முட்டுவான், சொன்னது எதுவும் மண்டைல ஏறாது. கேட்டா அப்படித்தான் இருக்கும்னாங்க. நாங்க கொறச்சு கொறச்சு விட்டுட்டோம். இப்ப மூணாவது படிக்கான், நல்லா படிக்கான், ஃபிட்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல. மருந்து தான் கெடுத்துச்சு, இத நான் எங்க வேணா சொல்லுவேன். அந்தம்மா மாமியார் சொல்றதுல என்ன தப்பு?

சிஸ்டர்_மல்லிகா:
குமார் அண்ணா, குழந்தைகள் வார்டுல வேலை பாக்குறேன், அதனால சொல்றேன். உங்க பையன் விஷயத்துல நீங்க சொல்றது உண்மை தான். காய்ச்சல்ல மட்டும் வர்ற ஃபிட்ஸுக்கு தினமும் கார்டினால் குடுக்கிறது ஒரு காலத்துல உலகம் முழுக்க வழக்கமா இருந்துச்சு. 1990ல அமெரிக்காவுல இத சோதிச்சு பாத்தாங்க, காய்ச்சல் ஃபிட்ஸ் வந்த 217 சின்னக் குழந்தைங்கள பிரிச்சு ஒரு பக்கம் கார்டினால் மருந்து, அதாவது ஃபீனோபார்பிட்டால், இன்னொரு பக்கம் வெறும் மாத்திரை. ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தா மருந்து சாப்பிட்ட பக்கம் ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் அளவு, சராசரியா 8.4 பாயிண்ட் கம்மி. மருந்த நிறுத்தி ஆறு மாசம் ஆன பிறகும் 5.2 பாயிண்ட் கம்மியா தான் இருந்துச்சு. அத விட கொடுமை, ஃபிட்ஸ் திரும்ப வர்றதயும் அது தடுக்கல. சாதாரண காய்ச்சல் ஃபிட்ஸுக்கு தினசரி மருந்து வேணாம்னு இப்ப சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது அஞ்சு ஆறு வயசுல தானா நின்னுடும், உங்க பையனுக்கும் அப்படித்தான் நின்னுருக்கும்.

ஆனா நிலா பையனுக்கு காய்ச்சல் இல்லாமலே பொறந்த மறுநாள் வந்திருக்கு, மூளைல பாதிப்பு இருக்கு. இங்க மருந்து எடுத்தா ஃபிட்ஸ் திரும்ப வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம். ஒரே பாட்டில் தான், ஆனா ரெண்டு பிள்ளைங்களோட கணக்கு வேற வேற. உங்க அனுபவத்த அப்படியே இந்த பிள்ளைக்கு வெச்சிடாதீங்க அண்ணா.

இன்னொன்னும் சொல்லணும். கார்டினால்னாலே விஷம்னு பேசுறதும் சரி கெடையாது. 1912ல இருந்து இருக்கிற மருந்து, விலை ரொம்ப கம்மி. மேற்கு வங்காள கிராமங்கள்ல 1998ல வந்த ஆய்வுலயும், டாக்கால 2007ல வந்த ஆய்வுலயும் ஃபிட்ஸ் நோய் உள்ள குழந்தைகளுக்கு இத குடுத்து வேற மருந்தோட ஒப்பிட்டு பாத்தாங்க, நடத்தைல பெரிய வித்தியாசம் தெரியல. அதனால எல்லா பிள்ளையும் கெடும்னு இல்ல. சில பிள்ளைங்க கெடும். உங்க பிள்ள எந்த பக்கம்னு பாக்குறது தான் வேலை.

ராஜபாளையம்_குமார்:
சிஸ்டர் நீங்க சொல்றது புரியுது. ஆனா இத அன்னிக்கு எங்களுக்கு யாரும் இப்படி சொல்லலியே. ஒரு அஞ்சு நிமிஷம் உக்காத்தி வெச்சு சொல்லிருந்தா நாங்க ஏன் சண்ட போட்டுக்கிட்டு திரியணும். இந்த தங்கச்சிக்கும் அதே தான் நடக்குது. அதுக்கு தான் எனக்கு கோவம்.

மீனா_தஞ்சை:
குமார் அண்ணன் கோவம் நியாயம் தான். ஆனா மருந்து இல்லாததால பிள்ள பின்தங்கிப் போன கதையும் இங்க பதிவாகணும், அதனால எழுதுறேன். எங்க பொண்ணு ஆறு மாசம் வரைக்கும் நல்லா இருந்தா, முகம் பாத்து சிரிப்பா. அப்புறம் தூங்கி எழுந்ததும் தலைய முன்னாடி குனிஞ்சு ரெண்டு கையயும் விரிச்சு ஒரு குலுக்கு, கொஞ்ச நேரத்துல திரும்ப ஒரு குலுக்கு, வரிசையா வரும். வீட்ல எல்லாரும் திடுக்கிடுறா, உரம் விழுந்திருக்கு, வயித்துவலின்னு சொன்னாங்க, பக்கத்துல காட்டினப்ப பயத்துல பண்றான்னு அனுப்பிட்டாங்க. மாசக்கணக்கா போச்சு. சிரிக்கிறது நின்னுச்சு, முகம் பாக்குறது நின்னுச்சு. அப்புறம் தான் இஇஜி எடுத்து வெஸ்ட் சின்ட்ரோம்ங்கிற ஃபிட்ஸ் வகைன்னாங்க. 1841ல வெஸ்ட்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் தன் சொந்த பையனுக்கு வந்தத பாத்து லேன்செட் பத்திரிகைக்கு எழுதின நோய் அது.

இதுல ஸ்டீராய்டு, ஏசிடிஹெச் ஊசி, விகபாட்ரின் இதெல்லாம் எவ்ளோ சீக்கிரம் ஆரம்பிக்கிறாங்களோ அவ்ளோக்கு பிள்ளையோட வளர்ச்சி தப்பிக்கும். விகபாட்ரின் கண் பார்வையோட ஓரத்த பாதிக்கலாம்னு சொல்லித்தான் குடுத்தாங்க, கேட்டப்ப கை நடுங்குச்சு, ஆனா அந்த குலுக்க நிறுத்தாம விட்டா மூளையே போகுதுன்னா எத தேர்ந்தெடுப்பீங்க. மருந்துக்கு கெட்ட பேரு சீக்கிரம் வந்துடுது. வராத மருந்தால போனத யாரும் கணக்குல வெக்கிறதில்ல. குலுக்கு வந்தா போன்ல வீடியோ எடுத்துட்டு ஓடுங்க, யாரு என்ன சொன்னாலும்.

நிலா_திருச்சி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஃபைல எடுத்து தேதி எல்லாம் எழுதிட்டு இருக்கேன். ஆனா நேத்து சொந்தக்கார பொண்ணு ஒருத்தி வாட்சப்ல ஒண்ணு அனுப்பினா, வேல்பரின் மருந்தால குழந்தைக்கு ஆட்டிசம் வருது, ஐக்யூ கொறையுது, லண்டன்ல தடை பண்ணிட்டாங்கன்னு. படிச்சதுல இருந்து சாப்பாடு எறங்கல. நானே என் கையால பிள்ளைக்கு ஆட்டிசத்த ஊட்டி விட்டுட்டு இருக்கேனா?

வாணி_லண்டன்:
நிலா தங்கச்சி, அழாதேங்கோ. நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில இருக்கிறன், என்ர மகளுக்கும் வலிப்பு இருக்கு, அதால இந்த விசயம் எனக்கு வடிவாத் தெரியும். அந்தச் செய்தியில இருக்கிறது வேற கதை. அது தாய் கர்ப்பமா இருக்கேக்க வல்ப்ரோயேட், அதான் உங்கட வேல்பரினில இருக்கிற மருந்து, அந்தக் குளிசை எடுத்தா வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு நடக்கிறது. அப்பிடி எடுத்தா பத்தில ஒரு பிள்ளைக்கு முள்ளந்தண்டு, இருதயம், அண்ணம் எண்டு ஏதாவது பிறவிக் குறை வரலாம், பத்தில மூண்டு நாலு பிள்ளைக்கு கதைக்கப் பிந்துறது, படிப்பு ஏறாதது, ஆட்டிசம் எண்டு வளர்ச்சிப் பிரச்சினை வரலாம். உங்கட மகன் பிறந்த பிறகு அவனே குடிக்கிற மருந்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நீங்கள் மகனுக்கு ஆட்டிசம் ஊட்டேல்ல. இத நூறு தரம் உங்களுக்கே சொல்லிக் கொள்ளுங்கோ.

இங்க முழுசாத் தடையும் இல்ல. 2018ல கர்ப்பத் தடுப்புத் திட்டம் எண்டு கொண்டு வந்தவை, பெண் பிள்ளையளுக்கு இந்த மருந்து எழுதினா வருசா வருசம் விளங்கப்படுத்திக் கையெழுத்து வேண்ட வேணும். 2020ல அரசாங்கம் கேட்டு கம்பர்லெஜ் அம்மையார் நடத்தின விசாரணையின்ர அறிக்கை வந்தது, தாய்மாருக்கு ஆபத்த ஒழுங்காச் சொல்லேல்ல எண்டு அதில தெளிவா எழுதிக்கிடக்கு. 2024 ஜனவரியில இருந்து 55 வயசுக்குக் கீழ, ஆணோ பெண்ணோ, புதுசா ஆரம்பிக்கிறதெண்டா ரெண்டு ஸ்பெசலிஸ்ட் ஒத்துக்கொள்ள வேணும். அந்த நிலைக்குக் கொண்டு வர, பாதிக்கப்பட்ட பிள்ளையளின்ர தாய்மார் வருசக்கணக்காப் போராடினவை.

பெண் பிள்ளை வைச்சிருக்கிறாக்கள் மட்டும் இத காதில போட்டுக்கொள்ளுங்கோ. என்ர மகளுக்குப் பன்னிரண்டு வயசில வல்ப்ரோயேட் எழுதப் போகேக்க நான் கேட்ட ஒரே கேள்வி, இவள் நாளைக்குப் பிள்ளை பெறுற வயசுக்கு வந்தா என்ன செய்வியள் எண்டு. வேற மருந்து பாத்து மாத்தினவை.

நாகர்கோவில்_ஜெனி:
வாணி அக்கா சொன்னது நம்ம ஊருக்கும் தேவை. எனக்கே வலிப்பு உண்டு. கல்யாணப் பேச்சு வந்தப்ப வீட்ல மறைக்கச் சொன்னாவ, நான் சொல்லித்தான் கெட்டினேன். நாங்க திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரிக்கு தான் போறது, அங்க 1998ல இருந்து வலிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்குன்னு தனி பதிவேடு வெச்சிருக்காவ, கர்ப்பத்துல இருந்தே கூட வந்து, பொறந்த பிள்ளைகளோட வளர்ச்சியயும் பாக்காவ. அங்க பாத்ததுலயும் வல்ப்ரோயேட் பட்ட பிள்ளைகளுக்கு தான் வளர்ச்சி பின்னடைவு கூடுதலா தெரிஞ்சிருக்கு. எனக்கு கர்ப்பத்துக்கு முன்னாடியே மருந்த மாத்திட்டாவ. எல்லா ஃபிட்ஸ் மருந்தும் இப்படி இல்ல, அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் நடந்த ஆய்வுல மூணு வயசு பிள்ளைகளோட ஐக்யூ பாத்தப்ப தாய் லாமோட்ரிஜின் எடுத்திருந்தா சராசரி 101, வல்ப்ரோயேட்னா 92. மறைச்சு கெட்டி வெச்சா, அந்த பொண்ணு கர்ப்பமானப்போ பயத்துல மருந்த நிறுத்துவா, இல்ல டாக்டர்ட்ட சொல்லாம பழைய மருந்தையே முழுங்குவா. ரெண்டுமே ஆபத்து.

நிலா_திருச்சி:
வாணி அக்கா, ராத்திரி தான் படிச்சேன், ரொம்ப நேரம் அழுதேன், ஆனா இது வேற அழுகை. நன்றி அக்கா.

தேதி எல்லாம் எடுத்துட்டேன். கார்டினால் பொறந்ததுல இருந்து, எடைக்கு ஏத்த மாதிரி ஏத்திட்டே வந்திருக்காங்க. வேல்பரின் போன ஆவணி மாசம் சேத்தது. தெரபிஸ்ட் நோட்ல ஐப்பசி வரைக்கும் "நல்ல ஒத்துழைப்பு" னு எழுதிருக்காங்க, அதுக்கப்புறம் "தூக்கம், ஒத்துழைக்கல" ன்னு தான் வருது. வார்த்தை நின்னது கார்த்திகைல. அதுக்கு முன்னாடி கார்டினால் மட்டும் இருந்தப்ப துருதுருன்னு இருப்பான், ஆனா சொக்க மாட்டான். அப்ப வேல்பரின் தான் காரணமா?

மருந்துக்கடை_பாண்டி:
நிலா அக்கா, நான் மதுரையில மருந்துக்கடை வெச்சிருக்கேன், பார்மசி படிச்சவன். நீங்க எழுதுன தேதிய பாத்ததும் ஒண்ணு தோணுச்சு, இத கண்டிப்பா டாக்டர்ட்ட கேளுங்க. வேல்பரின் தனியா தூக்கம் குடுக்கிறது ஒரு பக்கம். ஆனா வேல்பரினும் கார்டினாலும் சேந்தா வேற ஒண்ணு நடக்கும்க்கா. ஈரல் கார்டினால கரைச்சு வெளிய தள்ளுற வேலைய வேல்பரின் மெதுவாக்கிடும். அப்ப நீங்க குடுக்கிற எம்எல் அதே தான், ஆனா ரத்தத்துல கார்டினால் அளவு ஏறிக்கிட்டே போகும். அடைச்ச வாய்க்கால்ல தண்ணி தேங்குற மாதிரி தேங்கும். கார்டினால் உடம்ப விட்டு போறதே ரொம்ப மெதுவா போற மருந்து, அதனால சேத்த அன்னிக்கே தெரியாது, வாரக்கணக்குல ஏறும். உங்க தேதி கணக்கு அதோட ஒத்து வருது. வேல்பரின் சேக்குறப்ப கார்டினால கொறைக்கிறது வழக்கம், உங்க சீட்டுல கொறைச்சிருக்காங்களான்னு பாருங்க. ரத்தத்துல ஃபீனோபார்பிட்டால் லெவல்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அத எடுக்க சொல்லுங்க. கூடவே அமோனியா, ஈரல் டெஸ்ட், பிளேட்லெட், இதுவும் வேல்பரின் குடிக்கிற பிள்ளைக்கு பாக்க வேண்டியது. அமோனியா ஏறினாலும் பிள்ள சொக்கும்.

எந்த மருந்து காரணம்னு தனியா கேட்டா பதில் வராதுக்கா, ரெண்டும் சேந்தப்ப என்ன ஆச்சுன்னு கேளுங்க.

இன்னும் கொஞ்சம் சொல்லிடுறேன், கடையில தினம் பாக்குறது. சிரப் 5 எம்எல்னு மட்டும் ஞாபகம் வெக்காதீங்க, மில்லிகிராம் எவ்ளோன்னு எழுதி வெச்சுக்கோங்க. கார்டினால் சிரப்ல 5 எம்எல்லுக்கு 20 மில்லிகிராம், வேல்பரின்ல 5 எம்எல்லுக்கு 200, இன்னொரு ஃபிட்ஸ் மருந்தான லெவிடிராசிடம் சிரப்ல ஒரு எம்எல்லுக்கே 100. பாட்டில மாத்தி ஊத்தினா என்ன ஆகும்னு நினைச்சு பாருங்க. வீட்டு ஸ்பூன் வேணாம், ஊசி இல்லாத சிரிஞ்சு தான் சரி. எப்டாயின்னு ஒரு ஃபிட்ஸ் மருந்து இருக்கு, அந்த சிரப் குடுக்கிறவங்க நல்லா குலுக்கணும், குலுக்காம ஊத்தினா மருந்து அடியில தங்கிடும், பாட்டில் ஆரம்பத்துல மருந்து பத்தாம ஃபிட்ஸ் வரும், கடைசில மருந்து அதிகமாகி பிள்ள தள்ளாடும். அப்புறம் வேல்பரின் குடிக்கிற பிள்ளைய நிமோனியா அது இதுன்னு அட்மிட் பண்ணா மெரோபெனெம்ங்கிற ஆன்டிபயாடிக் ஊசி போடுறதுக்கு முன்னாடி வேல்பரின் ஓடுதுன்னு சத்தமா சொல்லிடுங்க, அந்த ஊசி வேல்பரின் அளவ ஒரே நாள்ல கீழ எறக்கிடும்.

இயன்முறை_செல்வம்:
பாண்டி தம்பி சொன்னது சரியான பாயிண்ட். சிபி குழந்தைங்களுக்கு தெரபி குடுக்கிறவன் நான். மருந்தோட விளைவ நோய்னு நினைச்சு விட்டுடுறது எங்க லைன்ல அடிக்கடி பாக்குறேன். எப்டாயின் லெவல் ஏறினா நடக்கிற பிள்ள தள்ளாடும், எல்லாரும் சிபி மோசமாயிடுச்சும்பாங்க. ஃப்ரிசியம், குளோனசெபாம் குடிக்கிற பிள்ளைக்கு எச்சில் ஊத்தும், முழுங்குறது கஷ்டமாகும், மார்ச்சளி கட்டும். டோபிரமேட் குடிக்கிற பிள்ளைக்கு பேச்சுல வார்த்தை தேடும், பசி எடுக்காது, வேர்வையும் சரியா வராது. நம்ம ஊரு சித்திரை வெயில்ல வேர்க்காத பிள்ளைக்கு காய்ச்சல் மாதிரி உடம்பு கொதிக்கும், நிழல்ல வெச்சு தண்ணி துடைச்சு விடணும். நடக்க முடியாத பிள்ளைங்க வருஷக்கணக்கா கார்டினால், எப்டாயின் எடுத்தா எலும்பு வலுவிழக்கும், வைட்டமின் டி பாக்க சொல்லுங்க. நான் கால் நீட்டி விடுறப்பவே எலும்பு உடைஞ்சிடுமோன்னு எனக்கு பயமா இருக்கும், அதனால ஃபைல்ல மருந்து பேரு பாக்காம தொடவே மாட்டேன்.

கோவை_பாப்பா_அப்பா:
ஒரு விஷயம் சேத்துக்குங்க. மாத்துற மருந்தும் சும்மா இருக்காது. எங்க பாப்பாவுக்கு கார்டினால்ல இருந்து லெவிடிராசிடத்துக்கு மாத்தினாங்க, சொக்கல் போச்சு, ஆனா முதல் ரெண்டு மாசம் காரணமே இல்லாம கோவம், அழுகை. பேசத் தெரியாத புள்ள, என்ன பண்ணுதுன்னு சொல்லக்கூட தெரியாதுங்க. டாக்டர் பி6 வைட்டமின் சேத்து டோஸ மெதுவா ஏத்தினாரு, அடங்குச்சு. சில புள்ளைக்கு அடங்காது, அப்ப அதையும் மாத்த வேண்டியது தான். கார்பமசெபின், லாமோட்ரிஜின் மாதிரி ஆரம்பிச்சா முதல் வாரங்கள்ல உடம்புல தடிப்பு, வாய்ப்புண்ணு வந்தா அன்னிக்கே காட்டணும், நாளைக்குன்னு வெக்கக் கூடாது.

சேலம்_தாரணி:
நிலா, மாமியார்கிட்ட சண்டை போடாம ஒண்ணு பண்ணுங்க, அடுத்த தடவ டாக்டர்கிட்ட அவங்களயும் கூட்டிட்டு போங்க. அவங்களும் பேரன் மேல பாசத்துல தான் சொல்றாங்க, அவங்க கண்ணுல பட்டது பொய்யும் இல்ல, பிள்ள மந்தமானது உண்மை தானே. மருந்த நிறுத்தணும்ன்றது மட்டும் தான் தப்பு. இதுக்குன்னு குழந்தை நரம்பியல் டாக்டர் இருப்பாங்க, பெரிய அரசு ஆஸ்பத்திரில கேளுங்க. ரத்தத்துல லெவல் பாக்குற லேப் எல்லா ஊர்லயும் இல்ல, ஆனா ரத்தம் எடுத்து வெளிய அனுப்பி பாத்துக் குடுப்பாங்க. பையனுக்கு யுடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துட்டீங்களா? எடுத்திருந்தா நிராமயா இன்சூரன்ஸ்ல சேருங்க, மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட் நடத்துறது, சிபி, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு எல்லாத்துக்கும் வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், வெளி நோயாளி செலவு தெரபி செலவும் அதுல வரும்.

நிலா_திருச்சி:
அப்டேட் போடுறேன், லேட்டானதுக்கு மன்னிச்சுக்கோங்க. வேற ஒரு குழந்தை நரம்பியல் டாக்டர்கிட்ட போனோம், மாமியாரும் வந்தாங்க. நோட்ட குடுத்தேன், டாக்டரம்மா ஒவ்வொரு பக்கமா திருப்பி படிச்சாங்க. ரத்த டெஸ்ட்ல கார்டினால் லெவல் இருக்க வேண்டிய அளவ விட நல்லாவே அதிகம். பாண்டி தம்பி, நீங்க சொன்னதே தான், வேல்பரின் சேத்தப்ப கார்டினால கொறைக்காம விட்டிருக்காங்க. அமோனியா, ஈரல் எல்லாம் பரவால்ல. தூக்க இஇஜியும் எடுத்தாச்சு, கோவை அண்ணா பயந்த மாதிரி தூக்கத்துல எந்நேரமும் ஓடுற வகை இல்லன்னு சொல்லிட்டாங்க. கார்டினால ரொம்ப மெதுவா, மாசக்கணக்குல கொறைச்சு நிறுத்தலாம், வேல்பரின் அப்படியே இருக்கட்டும்னு சொன்னாங்க.

மாமியார் நேராவே கேட்டாங்க, "எல்லாத்தையும் நிறுத்தினா என்னம்மா?" ன்னு. டாக்டரம்மா கோவப்படாம எம்ஆர்ஐ படத்த காட்டி விளக்குனாங்க, ஒவ்வொரு பெரிய ஃபிட்ஸும் இந்த மூளைக்கு இன்னொரு அடின்னு சொன்னாங்க. அப்புறம் "நீங்க கவனிச்சது சரி தான் பாட்டி, மருந்து அளவு கூடிப்போச்சு" ன்னும் சொன்னாங்க. அதுக்கப்புறம் வீட்ல அந்த பேச்சே இல்ல. சிரிஞ்சுல மருந்து அளந்து குடுக்கிறது இப்ப அவங்க தான்.

கொறைக்க ஆரம்பிச்சப்புறம் ஒரு தடவ சின்னதா ஃபிட்ஸ் வந்துச்சு, ஒரு நிமிஷத்துக்குள்ள நின்னுடுச்சு, டாக்டர்கிட்ட சொன்னோம், இன்னும் மெதுவா போகலாம்னு சொல்லிருக்காங்க. பகல்ல முழிச்சிருக்கான். தெரபில தலைய நிமித்தி உக்காந்திருக்கான். வார்த்தை இன்னும் வரல, "தா" மட்டும் அப்பப்ப சொல்ற மாதிரி கேக்குது, உறுதியா சொல்ல முடியல. ஃபிட்ஸ் வந்தா நிறுத்த மூக்குல அடிக்கிற மிடசோலம் ஸ்ப்ரேயும் எழுதிக் குடுத்திருக்காங்க. அடுத்த மாசம் சிறப்புப் பள்ளில சேக்குறோம், ஸ்ப்ரேய அங்க குடுத்து வெக்கலாமா? அவங்க அடிக்க ஒத்துக்குவாங்களா?

சிஸ்டர்_மல்லிகா:
நிலா, படிச்சதும் மனசு நெறஞ்சுது. பள்ளிக்கு டாக்டர்கிட்ட இருந்து லெட்டர் ஒண்ணு வாங்கிக் குடுங்க, அதுல எடைக்கு எத்தன ஸ்ப்ரே, எந்த மூக்குல எத்தன, ஃபிட்ஸ் அஞ்சு நிமிஷம் தாண்டினா அடிக்கணும், அடிச்சும் நிக்கலன்னா 108 கூப்பிடணும்னு எல்லாம் தெளிவா இருக்கணும். கூடவே பக்கவாட்டுல திருப்பிப் படுக்க வெக்கணும், வாய்ல எதையும் திணிக்கக் கூடாது, கையில சாவி இரும்பு குடுக்க வேணாம், தண்ணி ஊத்த வேணாம், நேரம் பாக்கணும்னு ஒரு தாள்ல பெருசா எழுதி வகுப்புல ஒட்டச் சொல்லுங்க. டீச்சரும் ஆயாம்மாவும் ரெண்டு பேருமே எப்படி அடிக்கிறதுன்னு நேர்ல பாத்துடணும், ஒருத்தர் லீவுல போவாங்க. அடிச்சப்புறம் பிள்ள தூங்குவான், மூச்சு சீரா இருக்கான்னு பக்கத்துலயே ஒருத்தர் உக்காந்து பாக்கணும்.

மருந்துக்கடை_பாண்டி:
அக்கா சந்தோஷம்க்கா. ஸ்ப்ரே ரெண்டு வாங்குங்க, ஒண்ணு வீட்ல ஒண்ணு பள்ளில. எக்ஸ்பயரி தேதி பாத்து வாங்குங்க, பையன் எடை ஏற ஏற டோஸ் மாறும், அதனால டாக்டர பாக்குறப்பல்லாம் லெட்டரயும் புதுசா எழுதி வாங்கிடுங்க.